ஆறு மாதம் பொறுத்திருக்கலாமே

சிகாகோவிலிருந்து தெற்கே இரண்டரை மணிநேரம் கார் ஓட்டினால் ஷாம்பெய்ன் வரும். வழி முழுக்கச் சோளக்காடு. சென்ற அக்டோபரில் நண்பனோடு அங்கே போயிருந்தபோது, இல்லினாய் பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு வெளியே பந்தும் கையுமாக நிற்கும் ஒரு வெண்கலச் சிலையைப் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கோவில்பட்டியில் அப்போது இரவு பதினொன்றரை. ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார். அப்பாவுக்குச் சிலைகள் பிடிக்கும். யாருடையது, என்ன செய்தார், எப்போது இறந்தார் என்று முழுக்கத் தெரிந்தால்தான் தூக்கம் வரும்.

ரெட் கிரேஞ்ச் என்று பேர்ப்பா, நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க காலேஜ்ல ஃபுட்பால் ஆடுனவரு, நாடே கொண்டாடுச்சு, கடைசி வருஷத்துல டிகிரி வாங்காம பணத்துக்கு ஆடப் போயிட்டாரு, அது அப்போ பெரிய சண்டை என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"டிகிரிக்கு எத்தன மாசம் பாக்கி?"

"ஒரு ஆறு மாசம்."

"ஆறு மாசந்தானே? முடிச்சிட்டே போயிருக்கலாமேல?"

நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத அப்பா கிடையாது. ஆனால் எங்கப்பா கேட்டால் அதற்கு வேறொரு கனம் உண்டு. தாத்தா இறந்தபோது அப்பா பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு ஒரு நூற்பாலையில் கணக்கெழுதப் போனார். நாற்பது வயதில் தபால் வழியில் வேறொரு பட்டம் வாங்கினார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். அதனால் "சும்மா கேக்காதீங்கப்பா" என்று சொல்ல வாய் வரவில்லை. பதில் தேடித்தான் கிரேஞ்சின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. இந்த ஊரில் ஃபுட்பால் என்றால் நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. எதிரணியினர் மேலே விழுந்து சாய்ப்பார்கள். தப்பித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன். ஓடுகிறவன் ஒவ்வொரு முறையும் அடி வாங்குவான். முட்டிதான் அவன் முதலீடு, முதலில் போவதும் அதுதான்.

ஹேரல்ட் 'ரெட்' கிரேஞ்ச் 1903இல் பென்சில்வேனியாவில் ஃபோர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் அம்மா இறந்துபோக, அப்பா பிள்ளைகளோடு இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். பிறகு அந்த ஊரின் போலீஸ் தலைவரானார். மகன் கோடை விடுமுறைகளில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்தார். ஃப்ரிட்ஜ் பரவாத காலம், தோளில் ஐஸ் பாறையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் வேலை. நாடறிந்த ஆட்டக்காரரான பிறகும் கோடையில் அதே வண்டியில் போனார். 'வீட்டன் ஐஸ்காரன்' என்று பத்திரிகைகள் செல்லமாக எழுதின. செல்லப்பெயருக்குப் பின்னால் இருந்தது, விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது அன்று அந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களின் விதி என்கிற விஷயம்.

1924 அக்டோபர் 18. அரங்கத்தின் அர்ப்பணிப்பு விழா. முதல் உலகப் போரில் இறந்த இல்லினாய்க்காரர்களின் நினைவாக மாணவர்களும் பழைய மாணவர்களும் நன்கொடை போட்டுக் கட்டிய அரங்கம் அது. தூண்களில் இறந்தவர்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. எதிரணி மிச்சிகன். இரண்டு வருடங்களுக்கும் மேலாகத் தோற்காத அணி. ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து 95 யார்டு ஓடி டச்டவுன் போட்டார் கிரேஞ்ச். அடுத்தது 67 யார்டு. பிறகு 56. பிறகு 44. நான்கும் முதல் பன்னிரண்டு நிமிடத்தில். பயிற்சியாளர் அவரை உட்காரவைத்து ஓய்வு கொடுத்தார். பிற்பாதியில் திரும்பி வந்து ஐந்தாவதைப் போட்டு, ஆறாவதற்குப் பந்து எறிந்தும் கொடுத்தார். 39க்கு 14. அரங்கத்தில் சுமார் 67,000 பேர்.

அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியவர்கள். அந்தக் காசு பல்கலைக்கழகத்துக்கு. செய்தி போட்ட பத்திரிகைகளுக்கு விற்பனை. பயிற்சியாளர் பாப் ஸப்கிக்குச் சம்பளம். ஆடிய பையனுக்குக் கைதட்டல். அடுத்த ஆண்டு அக்டோபரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அதற்கும் காசு கிடையாது.

*

ஷாம்பெய்னில் விர்ஜினியா தியேட்டர் இன்னும் இருக்கிறது. அன்று மாலை அங்கேயும் போனோம். 1925இல் அதை நடத்தியவர் சார்லஸ் சி. பைல், நன்றாக உடுத்துகிற, இன்னும் நன்றாகப் பேசுகிற ஒரு ஆள். ஒருநாள் படம் பார்க்க வந்த கிரேஞ்சைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, லட்சம் டாலர், ஏன் பத்து லட்சமே சம்பாதிக்க விருப்பமா என்று கேட்டதாகக் கிரேஞ்ச் பிற்காலத்தில் சொன்னார். ஐஸ் சுமக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அந்தக் கேள்வி எப்படிக் கேட்டிருக்கும்!

தொழில்முறை ஃபுட்பால் அன்று கௌரவமான விஷயமாக இல்லை. என்எஃப்எல் லீக் 1920இல்தான் ஆரம்பித்திருந்தது. சின்ன ஊர் அணிகள், காலி இருக்கைகள், ஒரு ஆட்டத்துக்கு நூறு டாலரைச் சுற்றிச் சம்பளம். கல்லூரிப் பையன்கள் கள்ளப் பெயரில் வந்து ஆடிவிட்டுப் போவதும் உண்டு. 1921இல் அப்படி நோட்ர டாம் மாணவர்களை ஆடவைத்ததற்காக கிரீன் பே அணி லீக்கில் தன் இடத்தையே கொஞ்ச நாள் இழந்தது. அதே 1921இல் இல்லினாயின் டெய்லர்வில், கார்லின்வில் என்ற இரண்டு ஊர்கள் பந்தயம் கட்டி மோதிக்கொண்ட ஆட்டத்தில் ஓர் ஊருக்காக நோட்ர டாம் பையன்களும் மற்ற ஊருக்காக ஸப்கியின் பையன்களும் களமிறங்கினார்கள். விஷயம் வெளியே வந்து அந்த மாணவர்கள் கல்லூரி ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். ஸப்கிக்குத் தொழில்முறை ஆட்டத்தின் மேல் இருந்த கசப்பில் பாதி அந்தக் காயம்தான் என்று நினைக்கிறேன். அவரை வெறும் வில்லனாக்குவது எளிது, ஆனால் சரியல்ல.

1925 நவம்பர் 21, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் அணியோடு கடைசி ஆட்டம். இல்லினாய் 14க்கு 9 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் சிகாகோ பேர்ஸ் அணிக்கு ஆடப்போவதாகக் கிரேஞ்ச் அறிவித்தார். ஸப்கி அவரோடு ஒரு டாக்சியில் ஏறிக்கொண்டு நகரைச் சுற்றியபடி வாதாடினார். திரும்பி வா, படிப்பை முடி, இந்தச் சாக்கடை உனக்கு வேண்டாம். கிரேஞ்சின் பதில் பிற்காலத்தில் பலமுறை அச்சாகிவிட்டது. அதன் சாரம் இவ்வளவுதான்: ஃபுட்பாலைச் சொல்லிக்கொடுத்து நீங்கள் சம்பளம் வாங்கலாம் என்றால், ஆடி நான் வாங்குவது எப்படித் தப்பாகும்?

டாக்சியில் ஸப்கிக்கு இதற்குப் பதில் இருக்கவில்லை. இருவருக்கும் நடுவே நெடுநாள் பேச்சு முறிந்துபோனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தச் சனிக்கிழமையோடு கல்லூரி ஆட்டத்தில் கிரேஞ்சின் தகுதிக்காலம் முடிந்துவிட்டது. இனி இல்லினாய்க்காக அவர் ஒரு பந்தைக்கூடத் தொட முடியாது. அதாவது பல்கலைக்கழக அணி அவரிடமிருந்து பெறவேண்டியதை முழுக்கப் பெற்றுவிட்டது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் அவர் படிப்பின் மேல் அக்கறை வந்தது. மூன்று சீசன் ஓடவைத்தபோது, ரயிலில் ஊர் ஊராகக் கூட்டிப்போனபோது, அந்த அக்கறையைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் அமோஸ் அலான்சோ ஸ்டாக் தொழில்முறை ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டித்துவந்தவர். அவரே 1892 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்கு இணையான நிரந்தரப் பதவியில் இருந்தவர். பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஆட்டத்தால் மாதாமாதம் பணம் பெற்றவர்கள்.

*

ஐந்தே நாளில், நவம்பர் 26 நன்றி நவிலும் நாளன்று, கிரேஞ்ச் பேர்ஸுக்காக ஆடினார். சிகாகோவில் 36,000 பேர் வந்தார்கள். ஆட்டம் 0-0. யாரும் கவலைப்படவில்லை. பிறகு ஆரம்பித்தது அந்தச் சுற்றுப்பயணம். டிசம்பர் 2 முதல் 13 வரை, பன்னிரண்டு நாளில் எட்டு ஆட்டம். இன்றைய ஆட்டக்காரர் வாரம் ஒன்று ஆடிவிட்டே ஐஸ் தொட்டியில் உட்கார்ந்திருப்பார். கிரேஞ்ச் சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் மழையில் ஆடிவிட்டு, ஞாயிறு நியூயார்க்கில் ஆடினார். போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் அன்று வந்தவர்கள் சுமார் 70,000 பேர். முதல் வருடமே நட்டத்தில் திணறிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை அந்த ஒருநாள் வசூல் காப்பாற்றியது. அந்த அணி இன்றும் இருக்கிறது.

போஸ்டனில் களைத்துப்போய் ஆடியபோது கூட்டம் கேலிக்கூச்சல் போட்டது. பிட்ஸ்பர்கில் கையில் அடி. டெட்ராய்ட்டில் இறங்கவே முடியவில்லை, டிக்கெட் வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கைதட்டலுக்கு ஆடும்போது தோற்றால் அனுதாபம் கிடைக்கும். காசு வாங்கிக்கொண்டு தோற்றால் வசவுதான். கிரேஞ்ச் அதைப் பத்து நாளில் கற்றுக்கொண்டார்.

ஆனால் பணம் வந்தது. வாசல் வசூலில் பெரும்பங்கு கிரேஞ்சுக்கும் பைலுக்கும் என்பது ஒப்பந்தம். தெற்கும் மேற்கும் சுற்றி ஜனவரி கடைசியில் பயணம் முடிந்தபோது கிரேஞ்சின் பங்கு லட்சம் டாலரை ஒட்டி இருந்தது என்பது பரவலான கணக்கு. அதோடு சினிமா வாய்ப்பும் விளம்பரங்களும்.

அப்பாவின் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. ஏன் ஆறு மாதம் பொறுக்கவில்லை? ஜூனில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அடுத்த சீசன் செப்டம்பரில்தான். அதற்குள் வேறொரு கல்லூரிப் பையன் அட்டைப்படத்தில் வந்திருப்பான். கிரேஞ்ச் விற்றது தன் ஓட்டத்தை மட்டுமல்ல. அந்த வாரத்தின் பரபரப்பையும்தான். பட்டம் காத்திருக்கும். பரபரப்பும் முட்டியும் காத்திருக்காது.

முட்டி காத்திருக்கவும் இல்லை. 1926இல் பைலும் கிரேஞ்சும் நியூயார்க்கில் சொந்த அணி கேட்டார்கள், லீக் மறுத்தது. பைல் போட்டி லீக் ஒன்றையே ஆரம்பித்தார், அது ஒரே வருடத்தில் படுத்தது. 1927 அக்டோபரில், தன் பழைய அணியான பேர்ஸுக்கு எதிராக ஆடும்போது கிரேஞ்சின் முட்டி திரும்பிவிட்டது. 1928 முழுக்க ஆடவில்லை. 1929இல் பேர்ஸுக்கே திரும்பி 1934 வரை ஆடினார். தடுப்பாட்டத்தில் நல்ல பெயர் வாங்கினார். ஆனால் மிச்சிகனைப் பன்னிரண்டு நிமிடத்தில் சிதறடித்த அந்த ஓட்டம் திரும்பி வரவில்லை. அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுதான்.

ஸப்கி பயந்தது நடந்தது என்று சொல்லலாம். 1925 நவம்பரில் வாங்காத பணத்தை 1927 அக்டோபருக்குப் பிறகு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே முட்டியைப் பற்றிய உண்மைகள்.

*

கதையின் முக்கியமான பகுதி அதன் பிறகு நடந்தது. 1926இல், கிரேஞ்சால் உயிர் பிழைத்த அதே என்எஃப்எல், ஒரு விதி போட்டது. ஒரு மாணவரோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கும் காலம் வரும்வரை அவரை எந்த அணியும் எடுக்கக்கூடாது. படிப்பின் மேல் பாசமா? கல்லூரிகளின் கோபத்தைத் தணிக்கக் கொடுத்த தாம்பூலம் அது. கல்லூரிகளுக்கு நட்சத்திரங்கள் முழுக்காலமும் கிடைப்பார்கள்; லீக்குக்குச் செலவில்லாமல் பயிற்சி பெற்று, விளம்பரமும் ஆகி வந்து சேர்வார்கள். இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாத ஒரே ஆள், ஆடுகிறவன்.

அறுபது வருடத்துக்கு மேல் அந்த ஏற்பாடு தாங்கியது. 1983இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷல் வாக்கர், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதை வாங்கிய கையோடு, ஒரு வருடம் பாக்கியிருக்கும்போதே போட்டி லீக் ஒன்றுக்குப் போனார். 1990இல் என்எஃப்எல் இறங்கிவந்து, பள்ளி முடித்து மூன்று வருடமானால் போதும் என்றது. அந்த மூன்று வருட விதி இன்றும் இருக்கிறது.

அதன் விலையை ஒரே இரவில் பார்க்கலாம். 2003 ஜனவரி 3, தேசியப் பட்டத்துக்கான ஃபியஸ்டா பௌல் ஆட்டம். மயாமி அணியில் ஓட்டக்காரர் வில்லிஸ் மெகாஹி. ஒஹாயோ ஸ்டேட் அணியில் முதலாம் ஆண்டு மாணவர் மோரிஸ் கிளாரெட். நான்காம் கால்பகுதியில் மெகாஹியின் முட்டி எதிர்த்திசையில் மடங்கியது. அந்தக் காணொளியை நான் ஒருமுறைதான் பார்த்தேன், இன்னொரு முறை முடியாது. அதே ஆட்டத்தில் பிறகு வெற்றிக்கான டச்டவுனைப் போட்டது கிளாரெட்.

மெகாஹிக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது, போகலாம். ஊன்றுகோலோடு போனார். முட்டி உடையாமல் இருந்திருந்தால் எந்த இடத்தில் எடுத்திருப்பார்களோ, எடுத்தது 23ஆவது இடத்தில். ஒரு வருடம் ஆடாமல் குணமாகி, பிறகு நன்றாக ஆடினார். அதிர்ஷ்டம். கிளாரெட்டுக்கு முட்டி நன்றாக இருந்தது, ஆனால் விதி விடவில்லை. அடுத்த சீசனில் கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது. லீக் எடுக்காது, கல்லூரி ஆடவிடாது. வழக்குப் போட்டார். 2004 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றத்தில் ஜெயித்தார். மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதிய சோனியா சோட்டோமேயர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி ஒப்புக்கொள்ளும் விஷயங்களில் இதுவும் அடங்கும் என்பது தீர்ப்பின் தர்க்கம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்கள். வெளியே நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அங்கே ஓட்டு கிடையாது. 1926இன் உடன்படிக்கை, மேலே ஒரு கையெழுத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

2005இல் டென்வர் அணி கிளாரெட்டை 101ஆவது ஆளாக எடுத்து, ஓர் ஆட்டம்கூட ஆடவைக்காமல் ஆகஸ்டில் கழற்றிவிட்டது. அடுத்த வருடம் கைதாகி, மூன்றரை வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். அதற்கெல்லாம் விதிதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. மனிதர்கள் அவ்வளவு எளிய சமன்பாடு கிடையாது. ஆனால் அவருடைய உடம்பு உச்சத்தில் இருந்த இரண்டு வருடங்கள் அவருக்குப் பயன்படவில்லை, வேறு யாருக்கும் பயன்படவில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. பதினெட்டு வயது உடம்பு முப்பது வயது உடம்புகளோடு மோதினால் உடையும். அவசரப்பட்டுப் போய், யாரும் எடுக்காமல், திரும்பவும் முடியாமல் நின்றவர்கள் ஏராளம். பைல் மாதிரி ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள், எல்லாரும் பைல் அளவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை. 'பொறு' என்பது பல பேருக்கு நல்ல அறிவுரை. அதைச் சொல்கிறவருக்கு அந்தப் பொறுமையால் வருமானம் இருந்தால்தான் சிக்கல்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025இல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழி வந்தது. அதன் பிறகு பட்டத்துக்கு முன்பே லீக்குக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நூறு வருட உபதேசத்தால் நடக்காதது, ஆடுகிறவனுக்கும் காசு கொடுத்ததும் நான்கைந்து வருடத்தில் நடந்துவிட்டது.

*

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கணக்கெழுதியவர் அல்லவா, நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் கோச்சுக்குச் சம்பளம் ஒழுங்கா வந்துச்சுல்ல?" வந்ததுப்பா என்றேன். "ம்" என்றார்.

கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பையன் அப்புறமாவது டிகிரி வாங்குனானா?" என்றார்.

இல்லை. ஆனால் 1950இல் தேர்தலில் நின்று ஜெயித்து, அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவில் உறுப்பினராகச் சில வருடம் உட்கார்ந்தார். பட்டம் வாங்காமல் போனவர், பட்டம் கொடுக்கிற இடத்தை மேற்பார்வை பார்த்தார். 1991இல் இறந்தார்.

அப்பா சிரித்தார். அவர் இப்படிச் சத்தமாகச் சிரித்து நாளாயிற்று. பிறகு, தாத்தா இறந்த வருடத்தைப் பற்றி, நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். கல்லூரி முதல்வர் வீட்டுக்கே வந்து படிப்பை விடாதே என்று அரைமணி நேரம் சொன்னாராம். நல்ல மனுஷன், அக்கறையாத்தான் சொன்னார் என்றார். "ஆனா ஃபீஸ யாரு கட்டுறதுன்னு அவர் சொல்லல. நானும் கேக்கல."

கேட்டிருக்கலாமே என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை.